சிவப்புத் தலை வைச்ச தடி

அவா ஒருத்தரையும் நம்பமாட்டா. குறையாச் சொல்லேல்லை, ஆளை அடையாளம் காட்டச் சொல்லுறன். முள்ளியவளையில எங்கட ஒழுங்கையில ஆரைக் கேட்டாலும் அவவைப் பற்றி முதல் சொல்லுறது இதைத்தான். பாண்காரன் வந்து நிண்டால் பாணை வாங்கி அடிப்பக்கம் திருப்பிப் பார்ப்பா. பேந்து நடுவால பிய்ச்சுப் பார்ப்பா. அதுக்குப் பிறகுதான் காசு கையை விட்டு வெளிக்கிடும். காஸ் சிலிண்டர் மாத்தினால் வாயில சவர்க்கார நுரை போட்டுப் பார்த்து, கொண்டுவந்தவனையும் பத்து நிமிசம் குசினி வாசலில நிக்க வைப்பா. "வெடிச்சால் நீரும் பக்கத்தில நிக்கவேணும்தானே" எண்டு சிரிக்காமல் சொல்லுவா. அடுத்த தரம் அவன் சிலிண்டரைப் படலையில வைச்சிட்டு ஓடீட்டான்.

ஒருக்கால் ஏதோ கணக்கெடுப்பு எண்டு ஒரு உத்தியோகத்தர் படிவத்தோட வந்தவர். பேர் என்ன, வீட்டில எத்தினை பேர் எண்டு அவர் கேட்க, அவா உள்ளுக்குப் போய்க் கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு வந்தா. "முதல் உங்கட பேரைச் சொல்லுங்கோ. உங்கட வீட்டில எத்தினை பேர்?" பாவம் அந்த மனிசன், தன்ர மூண்டாவது பிள்ளையின்ர வயசு வரைக்கும் சொல்லிப்போட்டுத்தான் தப்பினார்.

தெருவில நடக்கேக்க தாரில மட்டும்தான் கால் வைப்பா. கரைப் புல்லுக்கு இறங்கமாட்டா. பஸ் வந்தால் பஸ்தான் விலகவேணும். டிறைவர்மார் திட்டாத திட்டில்லை, அவா திரும்பியும் பார்க்கிறேல்லை.

நான் தண்ணிப் பம்ப் திருத்துறவன். வயல் வயலாத் திரியிற ஆள். எனக்கும் சந்தேகக் குணம் இருக்கு, ஒளிக்கேல்லை. ஆனால் அவா சந்தேகம் வந்தால் பிளந்து பார்த்து முடிவெடுப்பா. நான் பிளக்கிறேல்லை, மனசுக்குள்ள வைச்சுப் பெருப்பிச்சுக்கொண்டு திரிவன். இந்தக் கதையில பிழை விட்டது ஆரெண்டு இப்பவே விளங்கியிருக்கும். இருந்தாலும் சொல்லித்தான் முடிக்கவேணும்.

மாரி துடங்கி ரெண்டு நல்ல மழை விழுந்து இடியும் இடிச்சால் அவா சந்தைக்கு வருவா. மற்ற நாளில அவவை அங்க காணேலாது. ஒரு உரப்பையை விரிச்சு, காய்கறி விக்கிற முஸ்லிம் நானாவுக்குப் பக்கத்தில காளான் பரப்பிக்கொண்டு இருப்பா. நாங்கள் அறிஞ்ச குடைக் காளான் இல்லை அது. மண்ணுக்குள்ளயே விளையிற உருண்டைக் காளான். தேசிக்காய் அளவு, மண் நிறம். மேல பார்த்தால் ஒண்டும் தெரியாது, நிலம் கொஞ்சம் வெடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான். மிளகுத்தூள் போட்டுக் கறி வைச்சால் ஆட்டு ஈரல் கிட்டவும் வராது.

சனம் அடிபட்டு வாங்கும். ஆனால் முணுமுணுத்துக்கொண்டுதான் வாங்கும். ஏனெண்டால் அவா ஒண்டையும் முழுசா விக்கமாட்டா. வில்லுக்கத்தியால ரெண்டாப் பிளந்து, ரெண்டு பாதியையும் வாங்கிற ஆளின்ர மூக்குக்கு நேர பிடிப்பா.

"வடிவாப் பாருங்கோ. வெள்ளையோ?"

"வெள்ளைதான் அக்கா."

"எல்லா இடமும் ஒரே வெள்ளையோ? கோடு ஒண்டும் இல்லையோ?"

"இல்லையக்கா, பையில போடுங்கோ."

"பார்க்காமல் சொல்லுறியள். திரும்பப் பாருங்கோ."

இப்பிடி ஒவ்வொண்டுக்கும்! பின்னால நிக்கிற சனத்துக்குப் பொறுமை போயிடும். வெளிநாட்டிலயிருந்து வந்து நிண்ட ஒருத்தர், தான் கொண்டுபோகவேணும், முழுசாத் தந்தால்தான் பழுதாகாது எண்டு மண்டாடிப் பார்த்தார். "முழுசு மண்ணுக்குள்ள கிடக்கு, போய்க் கிண்டுங்கோ" எண்டிட்டா. அந்த மனிசன் போன பிறகு நான் கேட்டன், விக்கிற சாமானைப் பழுதாக்கி விக்கிறியளே, உங்களுக்கென்ன விசரோ எண்டு. "மூடிக் கிடக்கிற ஒண்டை நான் ஒருத்தற்ர கையிலயும் குடுக்கமாட்டன்" எண்டு சொல்லிப்போட்டு அடுத்ததைப் பிளந்தா.

என்ர மனிசிக்கு அவவைப் பிடிக்கும். மனிசிக்குத்தான் அவா மூண்டு விதத்தையும் விளங்கப்படுத்தினவா. நான் பக்கத்தில நிண்டு அரைக்காதால கேட்டனான். நல்லது எண்டால் உள்ளுக்குத் தேங்காய்ச் சொட்டு மாதிரி முழுக்க ஒரே வெள்ளை. ரெண்டாவது விதம் தோல் தடிப்பு, உள்ளுக்கு நாவற்பழம் திண்ட நாக்கு மாதிரிக் கறுத்திருக்கும். அதைத் திண்டால் ஒரு மணித்தியாலம், ரெண்டு மணித்தியாலத்தில சத்தி எடுக்கும், வயித்தைப் பிரட்டும், பேந்து சுகம் வரும். மூண்டாவதுதான் பொல்லாதது. அது வெளியாலயும் நல்லது மாதிரி, உள்ளாலயும் வெள்ளை. ஆனால் பிளந்த முகத்தில மெல்லிசா ஒரு கோடு ஓடும். குடை ஒண்டு சுருண்டு படுத்திருக்கிற மாதிரி. "நச்சுக் குடைக் காளான் விரிய முந்தின குஞ்சு அது, தங்கச்சி. கறுவல் வாசலில நிண்டு சண்டை பிடிக்கிற ஆள், அதுக்குப் பயமில்லை. இது சிரிச்சுக்கொண்டு உள்ளுக்கு வாற ஆள்" எண்டவா. நான் கறுப்புக் கூடாது எண்டதை மட்டும் பிடிச்சுக்கொண்டன்.

இனி எங்கட சந்தேகத்துக்கு வாறன். எங்கட பக்கத்தில மண் கிண்டுற ஆளை ஒருத்தரும் சும்மா பார்க்கிறேல்லை. சண்டை முடியிற காலம் சனம் ஓடேக்க எதை எதையோ புதைச்சுப்போட்டுத்தான் ஓடினது. தையல் மெசினைப் புதைச்சவை இருக்கினம், காணி உறுதியைப் புதைச்சவை இருக்கினம், தாலிக்கொடியைப் போத்தலுக்குள்ள போட்டுப் புதைச்சவையும் இருக்கினம். திரும்பி வந்து பார்த்தால் மரமும் இல்லை, வேலியும் இல்லை, இடம் பிடிபடேல்லை. அப்பிடிக் கிடக்கிற ஊரில, புருசனெண்டு ஒராளையும் காட்டாத ஒரு பொம்பிளை, கம்பியும் கையுமாக் காட்டுக்கரையில முழங்காலில நிண்டால் சனம் என்ன நினைக்கும்? தங்கம் தேடுறா எண்டுச்சினம். இல்லை, ஆருக்கோ ஆள் காட்டுறா எண்டுச்சினம். நான் தங்கப் பக்கம், நானாவுக்கும் அப்பிடித்தான் சொன்னன்.

"விசர்க் கதை கதைக்காதீங்க தம்பி" எண்டார் நானா. "அவ மிதிவெடி எடுக்கிற வேலையில பதினொரு வருசம் இருந்தவ. நாங்க புத்தளத்தில இருந்து திரும்பி வந்தப்ப எங்கட காணிய முழங்காலில நிண்டு தடவித் தடவிப் பாத்துத் தந்தது அவட ஆக்கள்தான். அவ நடந்து காட்டின இடத்திலதான் நான் வீட்டைப் போட்டேன்."

அப்பதான் எனக்கு அவவின்ர நடை விளங்கினது. கம்பியை நேர குத்தமாட்டா, சரிச்சு மெல்லமாத்தான் விடுவா. ஒரு சாண் பார்த்து முடிச்சுத்தான் அடுத்த சாணுக்கு முழங்கால் நகரும். மிதிவெடிக்குப் பழகின கை, காளானுக்கும் அப்பிடியே போகுது. சரி எண்டு நினைச்சனான். ஆனால் சந்தேகம் எண்டது என்ர வயித்துக்குள்ள பூந்தால் லேசில வெளிக்கிடாது. வேலையை விட்ட ஆள் ஏன் இன்னும் கம்பியோட திரியவேணும் எண்டு அதுக்கும் ஒரு கேள்வி வந்திட்டுது.

போன ஐப்பசியில, குளக்கட்டுக்கு அங்கால ஒரு வயலில பம்ப் திருத்தப் போனனான். யூக்கலிப்டஸ் மரம் நட்ட காட்டுக்கரையில அவா நிக்கிறதைக் கண்டன். நான் ஒரு மரத்துக்குப் பின்னால ஒளிச்சு நிண்டு விடுப்புப் பார்த்தன், வெக்கத்தை விட்டுச் சொல்லுறன். கம்பியை விட்டா, கிண்டினா, ஒண்டை எடுத்துப் பிளந்தா, மணந்தா, பையில போட்டா. கொஞ்சம் தள்ளி இன்னொண்டு. அதையும் பிளந்தா. கனநேரம் பார்த்தா. பேந்து ரெண்டு பாதியையும் திரும்பக் குழிக்குள்ள போட்டு, மண்ணால மூடி, பையுக்குள்ள இருந்து ஒரு தடியை எடுத்து நட்டா. தடியின்ர தலை சிவப்பு.

எங்கட சனத்துக்கு அந்தச் சிவப்பு என்னெண்டு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை. சிவப்புத் தலை வைச்ச தடிக்கு அங்கால மிதிவெடி, கால் வைக்கக்கூடாது. தவழ்ற பிள்ளைக்கும் அதைத்தான் முதல் சொல்லிக் குடுத்தனாங்கள். ஆனால் அந்த இடத்தில மிதிவெடி எடுத்து முடிஞ்சு, போர்டும் கழட்டி, எத்தினையோ வருசமா மாடு மேயுது. அப்ப ஏன் சிவப்பு? எனக்கு உடன விளங்கினது, அதாவது விளங்கினது எண்டு நினைச்சன். நல்லாய் விளையிற இடத்தை மற்றவன் தொடாமல் இருக்க, எங்களைப் பேய்க்காட்டத்தான் உந்தத் தடி! அட, கெட்டிக்காரி! ஆளைப் பிடிச்சிட்டன் எண்டு எனக்கு உள்ளுக்குள்ள அப்பிடி ஒரு சந்தோசம்.

அடுத்த நாள் காலமை நான் போனனான். கெட்டித்தனம் ஒரு பக்கம் இருக்கட்டும், முதல் ஒரு கல்லைத் தூக்கித் தடிக்குக் கிட்ட எறிஞ்சு பார்த்தன். ஒண்டும் இல்லை. கிண்டினால், ஐயோ, குவியலாக் கிடக்கு! பத்துப் பன்ரெண்டு. ஒண்டைப் பிளந்தன். கறுப்பில்லை, வெள்ளை. கோடு இருந்ததோ எண்டால் இருந்திருக்கும். நான் கறுப்பைத்தானே தேடினனான்.

வீட்டை கொண்டுபோய்க் குடுக்க மனிசி கேட்டா, "இதென்ன முழுசாக் கிடக்கு? அக்கா வெட்டித்தானே தாறவா?"

"எனக்கெண்டபடியால் முழுசாத் தந்தவா" எண்டன். அவவின்ர இடத்தில களவாக் கிண்டினது எண்டு சொன்னால் மனிசி சட்டியைக் கவிட்டிருப்பா. ஒரு சின்னப் பொய்தானே எண்டு நினைச்சன்.

பம்புக்கு ஒரு சாமான் வாங்க நான் கிளிநொச்சிக்குப் போயிட்டன். மத்தியானம் அங்க கடையில ரெண்டு ரோல்ஸ் திண்டனான். பிள்ளையள் கலியாணம் கட்டிப் போய்விட்டினம், வீட்டில மனிசி மட்டும். சோறு போட்டு, காளான் கறியோட வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கிறா. நல்ல ருசி எண்டு பின்னேரம் எனக்குச் சொன்னா. கறியும் முடிஞ்சுது.

விடியக்காலமை சத்தி துடங்கினது. சத்தி எண்டால் சும்மா சத்தி இல்லை, குடல் வெளியில வாற மாதிரி. வயித்தாலயும் போகுது. ஓட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினன். என்ன சாப்பிட்டவா எண்டு நேர்ஸ் கேட்டா. காளான் எண்டன். எங்க எடுத்தது எண்டு கேட்டா. மனிசி அரைக்கண்ணால என்னைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறா.

"சந்தையில வாங்கினது. அந்தக் காளான் விக்கிற அக்கா தந்தது."

அவ்வளவுதான். மத்தியானத்துக்குள்ள முள்ளியவளை முழுக்கத் தெரிஞ்சுபோச்சு. சந்தையில அவவின்ர உரப்பையை ஆரோ காலால எத்திப்போட்டாங்களாம். நஞ்சு விக்கிறவள், குறுக்கால போவாள் எண்டு பேசினவையாம். நானாதான் ஆஸ்பத்திரிக்கு வந்து எனக்குச் சொன்னார். "அவ அப்பிடிச் செய்யமாட்டா தம்பி. நீங்க வடிவா யோசிச்சுச் சொல்லுங்க" எண்டார். நான் யோசிக்கிற மாதிரி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டன்.

அடுத்த நாள் விடிய மனிசிக்குச் சுகம். உண்ணாணைச் சொல்லுறன், எழும்பி இருந்து தேத்தண்ணி குடிச்சா, சீப்பைக் காட்டி எனக்குத் தலை இழுக்கச் சொல்லிப் பேசினா. எனக்கு உயிர் வந்தது. ரத்தம் சோதிக்க அனுப்பியிருக்கு, பார்த்துப்போட்டுப் பின்னேரம் வீட்டை விடலாம் எண்டு சின்ன வயசு டொக்டர் ஒருத்தர் சொன்னார். மனிசியின்ர சீலையை மடிச்சுப் பையில வைச்சுக்கொண்டு நிக்கிறன், வாட்டு வாசலில அவா வந்து நிக்கிறா. கையில ஒரு சொப்பிங் பை. முகத்தில ஒரு சொட்டுக் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாயிருந்தது.

மனிசியைப் பார்த்துக் கேட்டா, "எத்தினை மணிக்குச் சாப்பிட்டனீர் தங்கச்சி?"

மனிசி மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தா. நான்தான் சொன்னன், ஒரு மணி எண்டு.

"சத்தி துடங்கினது?"

"விடிய மூண்டு மணி இருக்கும்."

விரலில எண்ணினா. "பதினாலு மணித்தியாலம். அப்ப கறுவல் இல்லை." பேந்து மனிசியின்ர முகத்தைக் குனிஞ்சு பார்த்தா. "எப்ப இருந்து சுகம்?"

"விடியக்காலமையில இருந்து. வடிவா இருக்கிறா, பாருங்கோ."

"இந்தச் சுகத்தை நான் நம்பேல்லை" எண்டா.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எல்லாத்தையும் சந்தேகப்படுறதுதான், ஒரு மனுசி உயிர் தப்பி எழும்பினதையுமோ? "போங்கோ அக்கா, வாயை வைக்காதையுங்கோ" எண்டு கத்தினன். அவா நேர டொக்டரிட்டப் போனா. நானும் பின்னால ஓடினன்.

சொப்பிங் பையுக்குள்ள இருந்து ஒரு காளானை எடுத்து மேசையில வைச்சா. எங்கட வீட்டுக் குப்பைக் கிடங்கில கிடந்ததாம். சின்னன் எண்டு மனிசி கழிச்சு எறிஞ்சிருக்கிறா. வில்லுக்கத்தியால பிளந்து டொக்டருக்குக் காட்டினா. வெள்ளை. வெள்ளைக்குள்ள மெல்லிசா, குடை ஒண்டு சுருண்டு படுத்திருக்கு. அண்டைக்குத்தான் நான் அந்தக் கோட்டை வடிவாப் பார்த்தனான்.

"டொக்டர், இது திண்டால் பாதி நாளைக்கு ஒண்டும் செய்யாது. பேந்து சத்தி. பேந்து சுகம் வந்த மாதிரி ஒரு நாள் எழும்பி இருப்பினம். அதுக்குப் பிறகுதான் ஈரலைத் தின்னும். வீட்டை விடாதையுங்கோ, இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கோ."

டொக்டர் அதைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல மனிசன், எடுத்தெறிஞ்சு கதைக்கேல்லை. "அம்மா, நீங்கள் சொல்லுறது சரியாயிருக்கலாம். ஆனால் இது குப்பையில கிடந்தது. அவா சாப்பிட்டது இதுதான் எண்டு ஆருக்குத் தெரியும்? கிண்டின ஆள் சொல்லவேணும்" எண்டார். பக்கத்தில, நஞ்சு எண்டபடியால் வாக்குமூலம் எடுக்க வந்த பொலிஸ்காரர் ஒருத்தர் கொப்பியோட இருந்தவர். அவரும் நிமிர்ந்து பார்த்தார்.

அவா என்னைப் பார்த்தா. சிவப்புத் தடியடியில கிண்டின குழியையும் அவா அதுக்குள்ள போய்ப் பார்த்திருப்பா எண்டு எனக்கு விளங்கினது. நான் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் போதும். என்ர மனிசியின்ர உயிர், சொல்லு எண்டு மனசு அடிக்குது. நாக்கு எழும்பேல்லை. பொலிஸ், களவு, பொய், ஊர் என்ன சொல்லும், மனிசி என்ன சொல்லுவா, எல்லாத்தையும் கணக்குப் பார்த்துக்கொண்டு நிண்டன். சுகமாத்தானே இருக்கிறா, ஒண்டும் நடவாது எண்டும் ஒரு பக்கம் சொல்லிச்சுது. சீ, இப்ப நினைச்சாலும் என்னை எனக்கே பிடிக்கேல்லை.

அவா திரும்பி டொக்டரைப் பார்த்தா.

"ஓம். நான்தான் வித்தனான். என்ர கையால கிண்டினது. இந்தச் சாமான்தான். இனியாவது அனுப்புங்கோ."

பொலிஸ்காரர் எழுதத் துடங்கினார். அம்புலன்ஸ் வந்தது. நான் மனிசியோட ஏறினன். கதவு சாத்தேக்க அவா பொலிஸ்காரருக்கு முன்னால மர வாங்கில இருந்து, அவர் எழுதினதைத் திருப்பி வாசிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தா.

யாழ்ப்பாணத்துக்குப் போய் ஒரு நாள் ஆகேல்லை, மனிசியின்ர கண் மஞ்சளாப் போச்சு. ஆளைத் தெரியேல்லை, என்னைப் பார்த்துத் தன்ர தேப்பன் எண்டு கதைச்சா. அந்த மருந்து, இந்த மருந்து, ஊசி, சேலைன். பிந்தி வந்திருந்தால் தாங்கள் ஒண்டும் செய்திருக்கேலாது எண்டு அங்கத்த டொக்டர் சொன்னா. ரெண்டு கிழமைக்கு மேல அங்க கிடந்து, தோலும் எலும்புமா மனிசி வீட்டை வந்தா. கோயில் கோயிலா நேர்த்தி வைச்சனான். ஒரு கோயிலிலயும் உண்மையைச் சொல்லேல்லை.

அதுக்குள்ள பொலிஸ் வாக்குமூலம் எடுத்துப்போட்டு அவவை விட்டிட்டுது, ஆனால் ஊர் விடேல்லை, சந்தையில இருக்கக்கூடாது எண்டிட்டினம். வாடகை வீட்டுக்காரரும் எழும்பச் சொல்லிட்டினம். நெளுக்குளத்தில ஆரோ சொந்தக்காரரிட்டப் போயிட்டா எண்டு நானா சொன்னார். என்ர மனிசி ஒவ்வொரு நாளும் சோத்துக் கோப்பையில கை வைக்க முதல் அவவைத் திட்டுவா. "நல்லவள் மாதிரிக் கதைச்சுக் கதைச்சு என்னைக் கொல்லப் பார்த்தாளே" எண்டு. நான் எதிரில இருந்து சாப்பிடுவன். கடைசியா ஒரு நாள் பொலிசுக்குப் போய், கிண்டினது நான்தான் எண்டு எழுதிக் குடுத்தன். நானாவுக்கும் சொன்னன். நானா நிமிராமல் மரக்கறிக்குத் தண்ணி தெளிச்சுக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு பை தோடம்பழம் வாங்கிக்கொண்டு நெளுக்குளத்துக்குப் போனனான். படலைக்கு அங்கால வந்து நிண்டா. கொளுக்கியைக் கழட்டேல்லை.

"தங்கச்சிக்கு எப்பிடி?"

"சுகம் அக்கா."

"ஆர் சொன்னது?"

ரிப்போட்டை நீட்டினன். படலைக்கு மேலால வாங்கி, ஒரு வரி விடாமல் வாசிச்சுப்போட்டுத்தான் திருப்பித் தந்தா.

"அக்கா, பொலிசில சொல்லிட்டன். நான்தான் எண்டு."

"சிவப்புத் தடியைக் கண்டனீங்களோ?"

"கண்டனான்."

"கண்டும் கிண்டினியள்."

"நீங்கள் எங்களைப் பேய்க்காட்ட நட்டது எண்டு நினைச்சனான்."

"பதினொரு வருசம் தம்பி. ஒரு நாளும் சிவப்பைப் பொய்க்கு நட்டதில்லை." பேந்து சொன்னா, "என்னோட வேலை செய்த பிள்ளை ஒண்டுக்குக் கால் போனது. அந்த இடத்தில மிதிவெடி கிடக்கு எண்டு தெரிஞ்ச மனிசன் ரெண்டு வளவு தள்ளி இருந்தவர். பயத்தில எங்களுக்குச் சொல்லேல்லை. கால் போன பிறகு ஆஸ்பத்திரிக்குத் தோடம்பழம் கொண்டு வந்தவர்."

என்ர கையில இருந்த பையை எங்க ஒளிக்கிறது எண்டு தெரியேல்லை.

"தங்கச்சிக்குத் தெரியுமோ?" எண்டு கேட்டா. நான் மோட்டச்சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நிண்டன். "அப்ப போங்கோ. முதல் அவவுக்குச் சொல்லுங்கோ" எண்டு உள்ளுக்குப் போயிட்டா.

வீட்டை வந்து, குசினியில மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த மனிசிக்கு முன்னால நிண்டு எல்லாத்தையும் சொன்னன். கத்துவா, கத்தியைத் தூக்கி எறிவா எண்டு நினைச்சன். கத்தியைக் கழுவி வைச்சா. கையைத் துடைச்சா.

"ஆஸ்பத்திரியில நான் எழும்பி இருந்து தேத்தண்ணி குடிக்கேக்க, அது சிவப்புத் தடியடியில கிண்டினது எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"அக்கா அந்தக் கோட்டை வெட்டிக் காட்டினாப் பிறகும், என்னை வீட்டை கூட்டிக்கொண்டு வரத்தான் நிண்டனீங்கள்?"

அண்டு முழுக்க மனிசி என்னோட கதைக்கேல்லை. விடிய எழும்பி நல்ல சீலை ஒண்டு உடுத்துக்கொண்டு வந்து, "மோட்டச்சைக்கிளை எடுங்கோ" எண்டா.

முதல் சந்தைக்கு விடச் சொன்னா. அங்க எல்லாருக்கும் கேட்க என்னைக் கொண்டு சொல்ல வைச்சா. சொன்னன். அந்த வெக்கம் எனக்கு வேணும். ஆனால் சனம் நம்பேல்லை! "அவள் என்னவோ செய்துபோட்டாள், அதுதான் உவன் இப்பிடிப் பிசத்துறான்" எண்டு என்ர காது கேட்கவே கதைச்சினம். மனிசி ஒவ்வொருத்தராப் பிடிச்சுச் சொல்லிப் பார்த்தா. அவவையும் பாவம் எண்டு பார்த்தினமே தவிர நம்பேல்லை. நான் அண்டைக்குப் போட்ட பொய் அவ்வளவு நல்லா வேர் விட்டிருந்தது.

நெளுக்குளத்தில படலையடியில நிப்பாட்டினன். மனிசி இறங்கி, "அக்கா" எண்டு ஒரு சத்தந்தான் வைச்சா. அவா முற்றத்தில நிண்டவா. ரிப்போட்டும் கேட்கேல்லை, ஒண்டும் கேட்கேல்லை. ஓடி வந்து கொளுக்கியைக் கழட்டினா. ரெண்டு பேரும் உள்ளுக்குப் போச்சினம். படலை திரும்பச் சாத்துப்பட்டுது.

நான் வெயிலுக்குள்ள மோட்டச்சைக்கிளில இருந்தன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல இருக்கும். உள்ளுக்கு என்ன கதைக்கினம், என்னைப் பற்றித்தானோ, என்னத்தைச் சொல்லுகினம், மனிசி அழுறாவோ, ஒண்டும் தெரியேல்லை. ஒருக்கால் அவா சிரிக்கிற சத்தம் கேட்டது. இத்தினை வருசம் ஒரே ஒழுங்கையில இருந்தும் அவா சிரிச்சு நான் கேட்டதில்லை. படலைக்குக் கிட்டப் போய்க் காது குடுப்பமோ எண்டு ஒரு எண்ணம் வந்தது. போகேல்லை.

மனிசி வெளியில வந்து பின்னால ஏறினா. என்ன கதைச்சனீங்கள் எண்டு கேட்டன். "வீட்டை விடுங்கோ" எண்டா. இண்டை வரைக்கும் சொல்லேல்லை. மாதத்தில ஒருக்கால் நெளுக்குளத்துக்குக் கொண்டுபோய் விடுறன். அவா வந்து கொளுக்கியைக் கழட்டி மனிசியைக் கூட்டிக்கொண்டு போறா. என்னையும் உள்ளுக்கு வாங்கோ எண்டு இன்னும் ஒருத்தரும் கேட்கேல்லை.